டாவின்சி ரிசால்வ்: ஒன்றரை வருஷம், மூன்று பாட்டு

விஸ்காம் இரண்டாம் வருஷத்தில் எங்கள் செட் சேர்ந்து ஒரு பறைப் பாட்டு எடுத்தோம். எடிட்டிங் என் பொறுப்புக்கு வந்தது. அதுவரை மொபைல் ஆப்பில் ரீல்ஸ் வெட்டிய பழக்கம் மட்டும்தான். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரை இறக்கக் காரணம், இலவசப் பதிப்பிலேயே 4கே வரை ரெண்டர் எடுக்கலாம் என்பது.

திறந்தால் கீழே ஏழு பக்கம்: மீடியா, கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர். முதல் மாதம் எடிட் பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ரொம்பப் படுத்தியது லிப் சிங்க். பல்லவியில் உதடு கச்சிதமாக ஒட்டும். அதே டேக்கில் இரண்டாம் சரணம் வரும்போது விலகிவிடும். பாடிய தோழிதான் தாளம் விட்டாள் என்று நினைத்து, இரண்டு ராத்திரி வரிவரியாக வெட்டி நகர்த்தினேன். அவள்மேல் தப்பே இல்லை. நாங்கள் ஷூட் பண்ணிய மொபைல் விநாடிக்குச் சீராக 30 ஃபிரேம் எடுக்கவில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபிரேமும் குறைந்திருந்தது. எல்லாக் கிளிப்பையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் போட்டு கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு, அதாவது ஒரே சீரான ஃபிரேம் எண்ணிக்கைக்கு, மாற்றியதும் பாட்டு முழுக்க ஒட்டிக்கொண்டது. அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த பாட்டிலிருந்து விநாடிக்கு 25 ஃபிரேம்தான். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 விநாடி வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்திலும் திரையில் பட்டை ஓடாது. பிராஜெக்ட் தொடங்கும்போதே இதை செட் பண்ணிவிட வேண்டும், பாதியில் மாற்றுவது பெரும்பாடு.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் கணக்கு. பாட்டு 100 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 100 அடி. அப்படியென்றால் ஒரு அடிக்கு 0.6 விநாடி, சரியாக 15 ஃபிரேம். பாட்டை ஓடவிட்டு, அடி விழும் இடமெல்லாம் எம் கீயைத் தட்டி மார்க்கர் போட்டேன். ஆனால் மார்க்கர்மேலேயே வெட்டினால் கட் பிந்தி வருகிற மாதிரியே இருந்தது. இரண்டு ஃபிரேம் முன்னே தள்ளிப் பார்த்தேன். அடிக்குச்சி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஷாட் மாறுகிறது, அடுத்த ஷாட்டில் அது தோலில் விழுகிறது. அந்த இடத்தைப் பத்து தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன், அத்தனை சந்தோஷம்.

லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். பிராக்ஸி, அதாவது கிளிப்புகளின் லேசான நகல், போட்டுத்தான் ஓட்டுகிறேன், பிரச்சினை இல்லை.

கலரில் ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. இணையத்தில் இறக்கிய ஒரு லட் (LUT), அதாவது நிறங்களை ஒரே அடியாக மாற்றும் ரெடிமேட் ஃபைல், போட்டதும் பறை அடித்த அண்ணன்களின் கறுப்பு நிறம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கிவிட்டு ஒரே நோடில் (கலர் திருத்தத்தின் ஒரு படி) வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் மட்டும் தொட்டு, நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். வியர்வையின் மினுமினுப்போடு அவர்கள் நிறம் அப்படியே திரும்பி வந்தது. இப்போது மூன்றாவது பாட்டு டைம்லைனில் இருக்கிறது. இதற்கும் லட் போடவில்லை.