குழந்தைகள் வார்டில் ஒரு காசியோ: போலியோடு ஏழு வாரம், ஒரிஜினலோடு ஒன்றரை வருடம்

மதுரையில் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என் கையில் ஏறிய வாட்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது காசியோ எஃப்-91டபிள்யூ. கறுப்பு ரெசின் உடம்பு, திரையைச் சுற்றி ஒரு நீலக் கோடு, மூன்று பட்டன். பள்ளிக்கூடப் பையன்கள் கையில் நிறையப் பார்த்திருப்பீர்கள். இதன் போலியை, போலி என்று தெரியாமல் வாங்கி ஏழு வாரம் கட்டியிருந்தேன். அப்புறம்தான் ஒரிஜினல் வாங்கினேன். ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டையும் பயன்படுத்தியதால் வித்தியாசத்தை நன்றாகவே சொல்ல முடியும்.

வாட்ச் எனக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சளி, காய்ச்சல் என்று குழந்தையைக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று மூச்சு. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதற்குமேல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று கணக்கு, டாக்டரிடம் உடனே சொல்லியாக வேண்டும். இதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சின்னக் குழந்தைகளிடம் சரிப்படாது. கொஞ்ச நேரம் வேகமாக விடும், கொஞ்சம் நிதானிக்கும், மறுபடி வேகமெடுக்கும். அழுகிற குழந்தைக்கு எண்ணவே முடியாது. அம்மா மடியில் அது அடங்கும்வரை காத்திருந்து, சட்டையை மெல்லத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும்.

அந்த ஒரு நிமிடமும் என் கண் குழந்தையின் வயிற்றில்தான் இருக்கும். வாட்சை ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன். மணிக்கட்டும் எனக்கு நேராக இருக்காது, சட்டையைப் பிடித்தபடி சாய்ந்திருக்கும். சாய்ந்த கையில், அரை வெளிச்சத்தில், ஒரு பார்வையில் நொடி தெரிய வேண்டும். நான் வாட்சிடம் கேட்பது இவ்வளவுதான்.

எங்கள் இடத்தில் வாட்ச் பிரியர்களுக்குக் குறைவில்லை. லேப் அண்ணன் கட்டியிருப்பது சாவி கொடுக்கிற எச்எம்டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியவர்கள். 2016இல் அந்த வாட்ச் கம்பெனியை மூடுவதாக மத்திய அரசு முடிவெடுத்தபோது அண்ணனுக்கு மனசே ஆறவில்லை. தினமும் காலையில் டியூட்டிக்கு வந்ததும் சாவி கொடுத்துவிட்டுத்தான் மைக்ரோஸ்கோப் பக்கம் போவார். இன்சார்ஜ் சிஸ்டர் ஓசூர் டைட்டனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வளையல் மாதிரி அழகாக இருக்கும், நொடிமுள் கிடையாது. பார்மசி தம்பியிடம் சீக்கோ 5 இருக்கிறது. கை அசைவிலேயே ஓடுகிற ஆட்டோமேட்டிக். எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் அதில் இருக்கும் 7எஸ்26 என்ற மெஷினுக்குக் கம்பெனியே சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்பது. சாவியை வெளியே இழுத்தாலும் நொடிமுள் நிற்காது, அதனால் நொடி சுத்தமாக நேரம் வைக்கவும் முடியாது. காசியோ சொல்வது ஒரு மாதத்துக்கே 30 நொடி, முன்னேயோ பின்னேயோ. என் வேலைக்கு எது என்று முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

2023 அக்டோபரில் ஆன்லைனில் பண்டிகைத் தள்ளுபடி நடந்தது. அங்கே ஒரு விற்பனையாளரிடம் 849 ரூபாய்க்கு இருந்தது. கடையில் ஆயிரத்துக்கு மேல் விற்கும் பொருள். பாதி விலை என்றால் சந்தேகம் வந்திருக்கும். தள்ளுபடி நேரத்தில் 849 நம்பும்படியான விலைதான். படத்தில் பெட்டி இருந்தது, நான்கரை நட்சத்திரம் இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது திரை. நேராகப் பார்த்தால் எண் தெளிவாக இருந்தது, கையைக் கொஞ்சம் சாய்த்தால் மங்கிப் பின்னணியோடு கலந்துவிட்டது. எண்களுக்குப் பின்னால் எரியாத கோடுகளும் நிழல் மாதிரித் தெரிந்ததால் 3 எது, 8 எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. குழந்தையின் மூச்சை எண்ணும்போது அந்த ஒரு கணம் பார்வை வயிற்றை விட்டு விலகினால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில ராத்திரிகளில் ஒரே குழந்தைக்கு மூன்று தடவை எண்ணினேன். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று நினைத்தேனே தவிர, வாட்சைச் சந்தேகப்படவில்லை.

அடுத்து நேரம். மூன்றாவது வாரம் காலை ஹேண்டோவரில் நான் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த நேரமும் அடுத்த ஷிப்ட் சிஸ்டரின் வாட்சும் நான்கு நிமிடம் தள்ளி நின்றன. சுவர்க் கடிகாரத்தின்மேல் பழி போட்டேன். போனை எடுத்துப் பார்த்தபோது சுவர்க் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் நான்கு நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 11 நொடிக்கு மேல். ஒரு நிமிடம் மூச்சு எண்ணுவதில் அந்தப் பிழை தெரியவே தெரியாது, அது எனக்குப் புரிந்தது. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் என்று என் கையெழுத்தோடு நேரம் எழுதுகிற இடம் அது. நான் எழுதிய நேரம் தப்பு என்பது மனசை அறுத்தது. அன்றிலிருந்து தினமும் டியூட்டி தொடங்கும் முன் போனைப் பார்த்து நேரம் வைத்தேன். நாங்கள் நாள் முழுக்கக் கை கழுவுகிறவர்கள். ஆறாவது வாரம் கண்ணாடிக்கு உள்ளே ஆவி கட்டியது.

கண்டுபிடித்தது லேப் அண்ணன்தான். "வலது பக்க பட்டனை அமுக்கி மூணு நொடி விடாமப் பிடிங்க சிஸ்டர்" என்றார். ஒரிஜினலில் அப்படிப் பிடித்தால் நேரம் மறைந்து, எண்கள் வரும் இடத்தில் காசியோ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் வரும். கடைசி எழுத்து மட்டும் சின்னதாக இருக்கும். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். 12 மணிக் கணக்கு 24 மணிக் கணக்காக மாறியது, வேறு ஒன்றும் வரவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வாட்சை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு பழைய ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் கண்ணில் லென்ஸை மாட்டி, பின்மூடியைத் திருப்பிப் பார்த்த உடனே, "எங்கம்மா வாங்குனீங்க?" என்றார். பின்மூடியில் 593 என்ற மெஷின் எண் இருக்க வேண்டும், என்னுடையதில் வேறு ஏதோ எண். நான்கு திருகையும் கழற்றினார். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காரவே இல்லை, ஒரு ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. "டூப்ளிகேட்டுமா. செல் தீரும் வரைக்கும் ஓடும், அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார். காசு வாங்கவில்லை. பட்டன் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். இப்போது வருகிற சில போலிகளில் அந்தப் பெயரும் வருகிறதாம். பெயர், பின்மூடி எண், சாய்த்துப் பார்த்தால் திரை தெளிவாக இருக்கிறதா, மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

பழைய வாட்சுகளில் போலி வேறு மாதிரி என்பதையும் அவர் கடையில்தான் பார்த்தேன். ஒரு பழைய சீக்கோ 5 மேசைமேல் கிடந்தது, பளிச்சென்ற ஆரஞ்சு டயல். உள்ளே மெஷின் நிஜமான சீக்கோதான், முகம் மட்டும் பின்னால் யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்து எழுதியது. ஒரிஜினல் டயலில் 6க்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் தொடக்கத்தில் வரும் மெஷின் எண், பின்மூடியில் இருக்கும் மாடல் எண்ணின் தொடக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இந்த ஆரஞ்சில் அந்த எண்ணே இல்லை. வாங்குகிறவரிடம் சொல்லி விற்றால் தப்பில்லை என்பது பெரியவரின் கருத்து. எனக்கு அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. அவர் உண்மையைச் சொல்லி விற்றுவிடுவார், அடுத்து அதை விற்கிறவர் சொல்வாரா?

பணம் திரும்பி வந்த கதை சுருக்கமானது. திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிட்டது என்று அந்தத் தளம் கைவிரித்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து, பில்லும் பின்மூடிப் படமும் கொடுத்துப் புகார் பதிந்தேன். அதன்பின் தளத்திலிருந்து அவர்களே அழைத்துப் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள். பில்லை அழிக்காமல் வைத்திருந்ததால் முடிந்தது.

டிசம்பரில் கடைக்கே போய் ஒரிஜினலை வாங்கினேன். ஆயிரத்து முன்னூறு ரூபாயை ஒட்டி ஆனது. கடைக்காரர் முன்னாலேயே பட்டனைப் பிடித்தேன், பெயர் வந்தது. பின்மூடியில் 593. கடையின் ஓரத்தில் வெளிச்சம் குறைந்த மூலைக்குப் போய்க் கையைச் சாய்த்துப் பார்த்தேன். நொடி அப்படியே தெரிந்தது. பில்லையும், முத்திரை குத்திய வாரண்டி அட்டையையும் வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினேன்.

இந்த மாடல் 1989இல் வந்தது. வடிவமைத்தவர் ரியுசுகே மொரியாய், காசியோவில் அவர் வடிவமைத்த முதல் வாட்ச் இது. எடை 21 கிராம், தடிமன் எட்டரை மில்லிமீட்டர். குழந்தையைத் தூக்கும்போது எதிலும் இடிக்காது, கிளவுஸ் மாட்டும்போது மாட்டிக்கொள்ளாது. டிரெஸ்ஸிங், ஊசி, ஐவி போடும் வேலை வந்தால் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். மணிக்கட்டில் எதுவும் இல்லாமல் கழுவினால்தான் கை கழுவியதாகும். வேலை முடிந்ததும் வாட்சையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கட்டுவேன். ஒன்றரை வருடமாகத் துடைக்கிறேன், ரெசின் வெளுக்கவில்லை.

நேரத்தை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி போனோடு ஒத்துப் பார்த்து டைரியில் எழுதுகிறேன். என்னுடையது மாதம் 8, 9 நொடி முந்துகிறது. அதற்குமேல் போனதில்லை. டிரிப்ஸ் சொட்டு எண்ணவும் நன்றாக இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, அதனால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி. சொட்டு அறையை ஒரு கண்ணும் வாட்சை ஒரு கண்ணும் பார்க்கும்போது எண் பெரிதாக இருப்பது பெரிய உதவி.

விளக்கு மங்கல் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். உண்மைதான், இடது ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை எல்இடி மட்டும், வலது பக்கம் வெளிச்சம் சரியாகப் போய்ச் சேராது. ராத்திரி இரண்டு மணிக்குப் பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தையின் பக்கத்தில் எனக்கு அந்த அளவு வெளிச்சமே போதும். அலாரம் 20 நொடி மெல்லிசாக அடித்து நிற்கும், நான்கு மணி மருந்துக்கு வைத்துக்கொள்வேன். மணிக்கு ஒருமுறை பீப் அடிக்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவிட்டேன். வார்டில் கட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

குறைகள் இருக்கின்றன. முகத்தில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் கை கழுவும் தெறிப்புக்கும் மழைத் தூறலுக்கும்தான் அது. குளிக்க, நீந்த வேண்டாம். கோடையில் வார் அடியில் வேர்த்து அரிக்கும், வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்துவிட வேண்டும். இன்னொன்று எங்கள் வேலைக்கு முக்கியம். இந்த வாட்சுக்கு வருடம் தெரியாது, பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். 2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை காலை, தேதி 1 என்று காட்டியது. கேஸ் ஷீட்டில் மார்ச் என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டேன், பக்கத்துப் படுக்கைச் சீட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அடுத்தது 2028. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

சிஆர்2016 செல், ஏழு வருடம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. அது ஒரு நாளைக்கு ஒருமுறை விளக்கு, ஒருமுறை அலாரம் என்ற கணக்கில். ராத்திரி டியூட்டியில் நான் அதைவிட அதிகம் அமுக்குகிறேன், அதனால் ஐந்து வருடம் வந்தாலும் எனக்குத் திருப்திதான்.

போன வாரம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி மூச்சு எண்ண என் வாட்சைக் கேட்டாள். ஏழு மாதக் குழந்தை. எண்ணி முடித்து 46 என்றாள், நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், 46தான். வாட்சைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதையே ஆன்லைனில் எழுநூறுக்குப் பார்த்தேன் சிஸ்டர் என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. கடைக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.