யசாய் இதமே பை: வாங்கலாமா?

டோக்கியோவில் நிஷி-கசாய் ஸ்டேஷனுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் வாரம் இரண்டு முறையாவது வதக்குவதற்கென்றே விற்கும் இந்தக் காய்கறிப் பையை வாங்குகிறேன். நறுக்கிய முட்டைகோஸ், மொயாஷி என்கிற முளைப்பயறு, கேரட், பூண்டு வாசம் வீசும் நிரா கீரை, எல்லாமே கழுவி வருகிறது. 250 கிராம், 130 யென். ஒருவருக்குத் தாராளம், இருவருக்குப் பற்றாது.

யசாய் என்றால் காய்கறி, இதமே என்றால் வதக்கியது. முதல் தடவை நம் ஊர்ப் பொரியல் மாதிரி மூடி போட்டு வதக்கினேன், கொழகொழவென்று தண்ணீர் விட்டுவிட்டது. மொயாஷியில் அவ்வளவு நீர் இருக்கிறது. இப்போது வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, பையை அப்படியே கொட்டி, பெரிய தீயில் இரண்டே நிமிடம் புரட்டுகிறேன். மூடவே கூடாது. உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் கடைசியில்தான். சோயா சாஸை வாணலியின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றினால் சுர்ரென்று கருகி எழும் அந்த வாசனைக்காகவே செய்யலாம். இறக்கியதும் சில சொட்டு எள் எண்ணெய், அவ்வளவுதான். சூடான சோற்றோடு அருமை!

பக்கத்து அலமாரியில் இருக்கும் ரெடிமேட் மசாலா பாக்கெட் மட்டும் வேண்டாம். நான் சைவம், எடுத்துப் பார்த்த ஒன்றில் பன்றிச் சாறு இருந்தது. பன்றியைக் குறிக்கும் 豚 என்ற எழுத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம், பையில் தேதி பார்த்து வாங்குங்கள். மறுநாளே மொயாஷி பழுப்பாகி வாடை வந்துவிடும். இரவு எட்டுக்கு மேல் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்தால் அன்றே சமைத்துவிடுங்கள்.