ட்ரக் வீட்டுக்கு எந்த பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

ட்ரக் சேசிஸ் மேல வீடு கட்டுறவங்க பெரும்பாலும் கட்டில் எங்க, அடுப்பு எங்கன்னு தான் முதல்ல வரையறாங்க. முதல்ல பேட்டரிய முடிவு பண்ணுங்க, லேஅவுட்ல பாதி அதுலயே முடிஞ்சிடும். நம்மூர்ல சுலபமா கிடைக்கிறது ரெண்டு: வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற டியூபுலர் (லெட் ஆசிட் வகை), இல்லேன்னா எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) லித்தியம். என் டாடா 407 ட்ரக்குல லித்தியம் தான் போட்டிருக்கேன், இன்னொரு வண்டி கட்டுனாலும் அதையே தான் போடுவேன்.

விலையில டியூபுலர் கம்மி, எடையில லித்தியம் கம்மி, இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் ரெண்டு போட்டா நூறு கிலோவத் தாண்டும், சார்ஜ்ல பாதிக்கு மேல இறக்கக்கூடாதுங்கிறதால கைக்கு வர்றது 1.8 யூனிட். 280 ஏஎச் லித்தியம் செல் நாலு சேர்த்தா பெட்டியோட சுமார் முப்பது கிலோ, தாராளமா 3 யூனிட் எடுக்கலாம்.

ஆனா நான் லித்தியம் பக்கம் போனதுக்குக் காரணம் எடை இல்ல. டியூபுலர் மாதிரி லெட் ஆசிட் பேட்டரி முழுசா நிறைஞ்சாகணும், அரைகுறையா ரொம்ப நாள் கிடந்தா தட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிடும், அப்புறம் கெப்பாசிட்டி திரும்பாது. வீட்டுல கரண்ட் போற நேரம் போக மத்த நேரமெல்லாம் அது ஃபுல்லா தான் இருக்கு, அதனால வருஷக்கணக்கா ஓடுது. வண்டியில கதையே தலைகீழ். கடைசி 20 சதவீதம் ஏற மட்டும் பல மணி நேரம் ஆகும், சோலார்ல அதுக்குள்ள வெயில் சாஞ்சிடும். கூரையில 330 வாட் பேனல் ரெண்டு படுக்கையா கிடந்தா நல்ல வெயில்ல ரெண்டரை யூனிட் வரலாம், ஆனா ஏப்ரல்ல திருநெல்வேலி பக்கம் எவனாவது வெயில்ல நிறுத்தி உள்ள படுப்பானா, புளியமரத்து நிழல தான் தேடுவோம், நிழல் விழுந்தா பேனல் படுத்துடும். ஐப்பசி கார்த்திகை மழையில சொல்லவே வேணாம். லித்தியத்துக்கு பாதியிலயே கிடந்தாலும் ஒரு கேடும் இல்ல, சொல்லப்போனா அதுக்கு அதுதான் நல்லது. நிழல்ல நிம்மதியா நிறுத்தலாம், எனக்கு இது ஒண்ணே போதும்.

லேஅவுட்டுலயும் வித்தியாசம் இருக்கு. டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், டிஸ்டில்டு வாட்டரும் ஊத்தணும், அதனால படுக்குற ரூமுக்குள்ள வைக்காம சேசிஸ் ஓரமா காத்தோட்டமான பெட்டியில தான் வைக்கணும். லித்தியத்த ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல பெஞ்சுக்கு அடியிலயே வச்சிடலாம், பக்கத்துலயே ஃபியூஸ், நல்ல பிஎம்எஸ் (செல்களப் பாத்துக் காக்குற சர்க்யூட்), எஞ்சின் சூடு படாத இடம், இது மூணும் கண்டிப்பா வேணும்.

லித்தியம் எத்தனை வருஷம் தாங்கும்னு என் அனுபவத்துல இப்பவே சத்தியம் பண்ண முடியாது. குளிர்லயும் ஓட்டிப் பாத்ததில்ல, 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக்கூடாதுங்கிறதால லடாக், ஸ்பிதி போறவங்க ஹீட்டர் இருக்குற பேக்கா பாருங்க. பெரும்பாலும் தோட்டத்துல நிறுத்தி ராத்திரி ஈபி லைன் குத்துறவங்களுக்கு டியூபுலரே போதும், எந்த ஊர்லயும் கிடைக்கும், பழசக் குடுத்தா எக்ஸ்சேஞ்ச்ல கொஞ்சம் காசும் வரும்.

லித்தியம் போடுறவங்க ஆல்டர்னேட்டர்ல (எஞ்சின் சுத்தி கரண்ட் எடுக்குறது) இருந்து நேரா வயர் இழுத்துடாதீங்க. லித்தியம் கரண்ட்ட அப்படியே உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகி போயிடும். நடுவுல கரண்ட்ட அளவா விடுற டிசி டு டிசி சார்ஜர் ஒண்ணு போடுங்க, அந்தச் செலவையும் பட்ஜெட்ல முதல்லயே சேத்துக்குங்க.