ஒட்டா, சொந்த வேரா, விதையா? ஒரே கள்ளி, மூன்று தொட்டி

மாங்கன்று வாங்கப் போனால் நமக்குக் குழப்பமே கிடையாது. ஒட்டுக்கன்றுதான். கொட்டை போட்டு முளைத்த கன்றில் காய் பார்க்க ஏழெட்டு வருடம் காத்திருக்கணும். காய்த்தாலும் தாய்மரத்து ருசி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் கள்ளி சேர்க்க ஆரம்பித்தேன். ஒட்டு என்றால் உசத்தி, அவ்வளவுதான். கள்ளியில் கணக்கு வேறு என்று மண்டையில் ஏற மூன்று மழைக்காலம் ஆனது.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குகிற மூன் கேக்டஸ். பச்சைத் தண்டு, அதன் தலையில் சிவப்பாக ஓர் உருண்டை. அந்த உருண்டை ஜிம்னோகாலிசியம் மிஹனோவிச்சி என்ற பராகுவே நாட்டுக் கள்ளியின் பிறழ்வு. 1941-ல் ஜப்பானில் எய்ஜி வதனாபே தன் நாற்றுகளுக்கு நடுவே இதைக் கண்டெடுத்தார். உடம்பில் பச்சையம் இல்லாததால் அதற்குத் தானாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது. இன்னொரு கள்ளியின் தலையில் உட்கார்ந்தால்தான் உயிரே. கீழே இருக்கும் அந்த முக்கோணத் தண்டு வேறொன்றும் இல்லை, நம் ஊரில் இப்போது ஏக்கர் கணக்கில் நடுகிற டிராகன் ஃப்ரூட்தான்.

ஆக, மூன் கேக்டஸில் 'ஒட்டா, சொந்த வேரா' என்ற கேள்விக்கே இடமில்லை. பச்சை கலந்த சிவப்பு ரகங்கள் சொந்த வேரில் மெதுவாகப் பிழைக்கும். முழுச் சிவப்பு, முழு மஞ்சள் பிழைக்காது. உண்மையான போட்டி, ஒட்டும் போடலாம், சொந்த வேரிலும் வளரும், விதையிலிருந்தும் வரும் என்கிற இனங்களில்தான் இருக்கிறது. நான் சோதித்துப் பார்த்தது ஒன்றே ஒன்று: அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ்.

ஏன் அது? ஒரு காரணம் அம்மா. 'முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாது' என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆஸ்டீரியாஸுக்கு முள்ளே இல்லை. எட்டு பங்காக வெட்டிய தட்டைப் பூசணி மாதிரி இருக்கும், மேலே வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொரு பங்கின் நடுவிலும் வரிசையாகப் பஞ்சுப் பொட்டு. அம்மா தொட்டுப் பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார். இன்னொரு காரணம், அதன் சொந்த ஊர் மெக்சிகோவின் தமவுலிபாஸும் அதை ஒட்டிய அமெரிக்க டெக்சாஸ் ஓரமும். உயர்ந்த மலை இல்லை, வெயில் கொளுத்தும் தாழ்நிலம். சென்னைக்குத் தோதுப்படும் என்று தோன்றியது.

ஒரே இனத்தை மூன்று வழியில் வாங்கினேன். டிராகன் தண்டில் ஒட்டிய செடி ஒன்று. சொந்த வேரில் நாலு சென்டிமீட்டர் செடி ஒன்று. ஐம்பது விதை. மூன்றும் ஒரே மொட்டைமாடியில், ஒரே பச்சை வலைக்குக் கீழே.

ஒட்டு

வேகம் என்று பார்த்தால் ஒட்டின் பக்கத்தில் எதுவும் நிற்காது. கள்ளியைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் போகிற குழாய்கள் அங்கேதான். வேர்ச்செடியின் வளையமும் மேலே வைக்கும் துண்டின் வளையமும் ஓரிடத்திலாவது தொட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டு அழுத்தி நிழலில் வைத்தால், நம் ஊர்ச் சூட்டில் பத்து நாளுக்குள் பிடித்துவிடும். பிடித்த பிறகு கீழே இருப்பது தண்ணீரும் உரமும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கிற செடி. அது குடிப்பதெல்லாம் மேலே ஏறும். சொந்த வேரில் நாலைந்து வருடம் கழித்துப் பூக்கிற ஆஸ்டீரியாஸ், ஒட்டில் இரண்டாம் வருடமே மஞ்சள் பூவும் சிவந்த தொண்டையுமாகத் திறந்தது.

அழுகல் விஷயத்திலும் ஒட்டுக்கு ஒரு சலுகை உண்டு. ஐப்பசி அடைமழையில் ஆஸ்டீரியாஸின் வேர் தண்ணீரில் நின்றால் அழுகும். டிராகன் வேர் தாங்கும். சென்னையில் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் என்ன குறை? முதல் குறை உருவம். தட்டையாக மண்ணோடு படிந்து கிடப்பதுதான் இந்தக் கள்ளியின் அழகே. சொந்த மண்ணில் வறட்சி வந்தால் சுருங்கி மண்மட்டத்துக்கு இறங்கிவிடும். ஒட்டில் அது ஊதிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டு ஒட்டு, இரண்டாம் வருடம் கண்காட்சிப் பூசணி மாதிரி மேலே எழும்பிப் பக்கத்தில் குட்டியும் போட்டது. பார்க்கப் பிரமாதம், ஆனால் ஆஸ்டீரியாஸ் மாதிரி இல்லை.

இரண்டாவது குறைதான் பெரியது, விற்கிறவர்கள் வாய் திறக்காதது: டிராகன் தண்டுக்கு ஆயுள் குறைவு. நாலைந்து வருடத்தில் அடிப்பாகம் பழுப்பேறி, மரத்துப்போய், நடுவில் உள்வாங்கும். மேலே இருப்பது கனத்துக்கொண்டே போக, கீழே இருப்பது மெலிந்துகொண்டே வரும். என் மூன் கேக்டஸ் அப்படித்தான் போனது. மூன்றாம் வருட மழையில் தண்டு காலையில் நன்றாக இருந்தது. சாயங்காலம் தொட்டால் வாழைத்தண்டுச் சாறு மாதிரி கையோடு வந்தது. வாங்கிய நர்சரியில் 'தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க சார்' என்றார்கள். ஊற்றியது நானில்லை, வானம்.

ஆகவே ஒட்டுக்கள்ளி வாங்கும்போது தலையைப் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள். டிராகன் தண்டு மலிவு, எங்கும் கிடைக்கும், வேகமாக ஏற்றும், சீக்கிரம் போகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரும் அதற்கு ஆகாது. மிர்ட்டில்லோகாக்டஸ் நீலம் பூத்த தடித்த தண்டு. விலை கூட, ஆனால் பல வருடம் நிற்கும். எனக்குத் தேர்வு என்றால் இதுதான். பெரெஸ்கியாப்சிஸ் என்று இலையுள்ள மெல்லிய கள்ளி ஒன்று இருக்கிறது. முளைத்துச் சில வாரமே ஆன, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நாற்றை அதன் நுனியில் ஒட்டலாம்; ரப்பர் பேண்ட்கூட வேண்டாம், சாறே பிடித்துக்கொள்ளும். நாற்றை ஒரு வருடத்தில் கோலிகுண்டுக்கு மேல் தேற்றிவிடும். அதற்குமேல் பாரம் தாங்காது, வேறு தண்டுக்கு மாற்ற வேண்டும்.

ஊர்ச் சப்பாத்திக்கள்ளியிலும் ஒட்டலாம், பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பூமுள் விரலில் ஏறி ஒரு வாரம் குத்தும் என்பதால் ஒரே தடவையோடு விட்டேன். அதோடு அதற்கென்றே ஒரு பூச்சி உண்டு: மாவுப்பூச்சி போல வெள்ளைப் பஞ்சாகத் தெரியும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. இதற்கும் சென்னைக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்டு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ நல்ல சாயம் தராத வேறு ரகப் பூச்சி. சாய வியாபாரம் படுத்தது. பிற்பாடு தென்னிந்தியாவில் காடாய் மண்டிய ஒரு வகைச் சப்பாத்தியை அழிக்க அதே பூச்சி உதவியது. இன்று அதன் உறவுக்காரர்கள் என் வேர்ச்செடிக்கு வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் எல்லாமே கள்ளிதான் என்பதால், வேலியோரச் சதுரக்கள்ளியை வெட்டி ஒட்டிப் பார்க்க ஆசை வரும். வீண். வெட்டினால் பால் வருவது வேறு குடும்பம், யூஃபோர்பியா. இந்தக் கள்ளியோடு ஒருநாளும் சேராது, பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒட்டு நடக்கும். கடையில் பவளப்பாறை மாதிரி அலையலையாக விற்கிற செடி, யூஃபோர்பியா லாக்டியாவை இலைக்கள்ளியின் மேல் ஒட்டியதுதான் பெரும்பாலும்.

சொந்த வேர்

இதில் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம்தான் நடக்கிறது. நாலு சென்டிமீட்டர் செடி ஒரு வருடம் கழித்து அஞ்சு சென்டிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதே விலைக்கு ஒட்டுச்செடி மூன்று மடங்கு பெரிதாகக் கிடைக்கும். ஆனால் உருவம் அச்சு அசல். மூன்று வருடத்தில் அது சாகாமல் இருந்தால், அதற்குப் பிறகு நீங்களாகக் கெடுத்தால்தான் உண்டு.

சாகடிக்கும் முதல் எதிரி நர்சரி தரும் தேங்காய்நார்த் தூள். வண்டியில் அனுப்ப வசதி. வீட்டில் அது ஈரத்தைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. வாங்கிய வாரமே உதறிக் கழுவி, வேரை நாலு நாள் காயவிட்டு மாற்றுங்கள். பியூமிஸ் என்கிற எரிமலை நுரைக்கல் விலை கட்டுப்படி ஆகாது எனக்கு. உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, தூசு போகக் கழுவிய பருமணல், கொஞ்சம் அடுப்புக்கரி, ஒரு கைப்பிடி மக்கிய தொழு உரம். போதும்.

இரண்டாவது எதிரியை எடுத்தெறிய முடியாது: நம் இரவு. கள்ளிகள் பகலில் மூச்சுத்துளையை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்க்கின்றன. அதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நடுராத்திரியிலும் 29, 30 டிகிரி என்றால் செடி கடையைச் சரியாகத் திறப்பதே இல்லை. அந்த மாதங்களில் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லாமல் தொட்டியில் நிற்கும், வேர் வேகும். அதனால் எங்கள் வீட்டில் உச்சக் கோடையில் ஆஸ்டீரியாஸுக்குத் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. கோடையில் ஊற்று, குளிரில் நிறுத்து என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால் சொந்த வேர்ச்செடி ஒன்றும் மிஞ்சாது. ஓசூர், பெங்களூரு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிதான். கூழாங்கல் மாதிரி இருக்கும் லித்தாப்ஸை அவர்கள் வளர்த்துப் படம் போடும்போது எனக்கு வயிறு எரியும். இங்கே அது இரண்டு முறை கூழானது.

விதை

இதைக் கடைசியில் முயன்றேன். முதலில் முயன்றிருக்க வேண்டும். ஆஸ்டீரியாஸ் விதை பெரிது, கருப்பாக, குட்டித் தொப்பி மாதிரி. புதிதாக இருந்தால் மூன்றாம் நாள் முளைக்கும். பழசானால் முளைப்பு சரசரவெனக் குறையும், எனவே 'எப்போது பறித்த விதை' என்று கேட்காமல் வாங்காதீர்கள். மண்ணை மைக்ரோவேவில் சூடாக்கி ஆறவைத்து, விதையை மேலாகத் தூவி (மூடக்கூடாது), ஈரத்தோடு ஜிப் உறையில் அடைத்து வெளிச்சமான நிழலில் வைத்தேன். இரண்டரை மாதம் திறக்கவே இல்லை. 50-ல் 38 முளைத்தது. உறையைத் திறந்த மாதத்தில் பூஞ்சை ஒரே ராத்திரியில் ஒரு மூலையைக் காலி செய்தது. வருட முடிவில் மிச்சம் 21. இரண்டாம் வருடம் பெரியது ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் அந்த இருபத்தொன்றில் ஒன்று போல் ஒன்று இல்லை. ஒன்றில் புள்ளியே காணோம், ஒன்றில் தயிர் தெளித்த மாதிரி. ஜப்பான்காரர்கள் 'சூப்பர் கபூட்டோ' என்று விற்கிற வெள்ளை அப்பிய ரகமெல்லாம் இப்படி விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து வந்தவைதான். இன்னொன்று, இங்கேயே முளைத்தவை இந்த இரவுச் சூட்டைப் பிறந்ததிலிருந்து பார்த்தவை. வாங்கிய செடி சுருண்ட வைகாசியில் இவை அசையவில்லை.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை நான் போட்டியில் சேர்க்கவில்லை: 'முப்பது வருடப் பழசு' என்று வரும் பெரிய செடி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஆஸ்டீரியாஸ் இருக்கிறது. காட்டில் எடுத்ததை வணிகத்துக்கு நாடு கடத்தவே கூடாது. பெயோட்டி என்ற போதைக் கள்ளி என்று நினைத்து டெக்சாஸில் இதைப் பிடுங்கியவர்களும் உண்டு. சிலி நாட்டின் கோபியாபோவா கள்ளிகளின் கதை இன்னும் மோசம். 2020-ல் இத்தாலியில் ஒருவர் வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டகாமா பாலைவனக் கள்ளிகள் பிடிபட்டன. பிழைத்தவற்றில் எண்ணூற்றுச் சொச்சத்தை அடுத்த வருடம் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். காட்டுச்செடிக்கு அடையாளம் உண்டு: உடம்பில் தழும்பு, ஒரு பக்கம் கருகல், வெட்டுப்பட்ட முள்ளங்கி வேர். நாற்றங்காலில் பிறந்தது வழவழவென்று ஒரே சீராக இருக்கும். இந்தியாவுக்குள் செடி வர இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும். 'பார்சலில் துணிக்குள் சுத்தி அனுப்பிடறேன்' என்று சொல்கிறவரிடம் எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

அப்படியானால் எது? இப்போது என் மாடியில் நடப்பதைச் சொல்கிறேன். வைத்துக் கொண்டாட சொந்த வேர், அதுவும் நானே விதைத்தது. ஒட்டை நான் விடவில்லை, ஆனால் வேலையை மாற்றிவிட்டேன். ஆஸ்டீரியாஸ் தன் பூந்தூளைத் தானே ஏற்காது, ஒரே நாளில் திறக்கும் இரண்டு செடி வேண்டும். சொந்த வேரில் அதற்காக வருடக்கணக்கில் தவம் கிடப்பதைவிட, நல்ல புள்ளியுள்ள நாற்று இரண்டை ஒட்டிச் சீக்கிரம் பூக்கவைத்து, சின்னத் தூரிகையால் தூள் மாற்றினால் விதை வீட்டிலேயே. தோற்றுப்போன நாற்றைக் காப்பாற்றவும் ஒட்டுதான் ஆஸ்பத்திரி. முதன்முதலாக ஒரே ஒரு செடி வாங்கப் போகிறவர், பால்கனி வெயில் குறைவு, மழை அடிக்கும் என்றால் ஒட்டு வாங்கிக்கொள்ளட்டும். நாலு வருடச் செடி என்று தெரிந்தே வாங்கட்டும்.

தண்டு உள்வாங்க ஆரம்பித்ததும் மேலே இருப்பதைக் காப்பாற்றவும் முடியும். தை, மாசியில் வெட்டி, வேர்ச்செடித் துணுக்கை முடிந்தவரை சுரண்டி எடுத்து, காயம் ஆறக் காயவிட்டு, காய்ந்த செங்கல் துண்டின்மேல் உட்காரவைத்தால் மெதுவாகச் சொந்த வேர் விடும். வேரில்லாமல் எப்படி என்று பயப்படாதீர்கள்; திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை எத்தனை மாதம் பச்சையாகத் தொங்குகிறது! என் கண்காட்சிப் பூசணியை அப்படி வெட்டி, சமையலறை அலமாரியில் ஒரு பழைய டபராவில் வைத்திருக்கிறேன். இன்றோடு பதினெட்டாம் நாள். வேர் இன்னும் இல்லை. அம்மா மட்டும் தினம் காப்பி போடும்போது எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இன்னும் ஒண்ணையும் காணோமே' என்று திரும்ப வைக்கிறார்.