குரோக் பார்க் அரங்கச் சுற்றுலா: ஒரு மைதானத்தின் கதவைப் பற்றி

டப்ளின் நகரின் வடபகுதியில், ராயல் கால்வாயும் இரயில் பாதையும் ஒரு பக்கம் ஓட, மற்றப் பக்கங்களில் சின்னச் சின்ன வரிசை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே எழுந்து நிற்கிறது குரோக் பார்க். 82,300 பேர் கொள்ளும் இவ்வரங்கம், மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்திவரும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் தலைமையகம். அந்நாட்டில் யாரும் சங்கத்தின் முழுப்பெயரைச் சொல்வதில்லை, ஜி.ஏ.ஏ. என்றால்தான் விளங்கும். கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு, அரங்கைச் சுற்றிக் காட்டும் சேவைக்கும் அதனோடு இணைந்த அருங்காட்சியகத்துக்கும் சென்று வந்தேன். அதைப் பற்றிய மதிப்பீடு இது.

நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. இறந்துபோன சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்வது) வீரர் ஒருவரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் ஆட்டத்துக்குக் கார்க் நகரத்திலுள்ள தன் மைதானத்தைத் தர முதலில் மறுத்ததால், தனக்குப் போட்டியான விளையாட்டு என்றால் தர்ம காரியத்துக்குக்கூடக் கதவைத் திறக்கத் தயங்கும் சங்கம் என்று 2018-ஆம் ஆண்டு ஜி.ஏ.ஏ. பலமாக விமர்சிக்கப்பட்டது. அந்தத் தயக்கம் வெறும் பிடிவாதமா, அதற்கு வேர் எதுவும் உண்டா என்பதை அந்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மற்றவர்கள் விளையாட்டுப் பிரியர்களாக இச்சுற்றுலாவுக்குச் செல்வார்கள். நான் ஏறக்குறைய ஒரு வழக்கின் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்றேன்.

நுழைவாயில் கியூசாக் கேலரியின் அடியில் இருக்கிறது. மைக்கேல் கியூசாக், 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் ஒரு விடுதியில் கூடிச் சங்கத்தைத் தொடங்கிய சிலரில் முதன்மையானவர். அன்றைய அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஊருக்கு ஊர் ஆடப்பட்டுவந்த ஹர்லிங், கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. ஆகவே பிறக்கும்போதே இது விளையாட்டுச் சங்கமாகவும் பண்பாட்டு இயக்கமாகவும் சேர்ந்தே பிறந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், பிறகு பார்ப்பவை அனைத்தும் தாமே பொருள்படுகின்றன.

சுற்றுலா ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கிறது. வீரர்களின் உடை மாற்றும் அறை, பயிற்சிக் கூடம், சுரங்கவழி, மைதானத்தின் ஓரம், உச்சியிலுள்ள இருக்கைகள் என்று படிப்படியாக அழைத்துச் செல்கிறார்கள். உடை மாற்றும் அறையில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அணிகளின் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. இந்தச் சட்டைகளை அணிந்து ஆடுபவர்கள் யாரும் ஊதியம் பெறுவதில்லை. ஆசிரியர், விவசாயி, வங்கி ஊழியர் என்று வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன் இறங்குகிறார்கள். இதை எங்கள் வழிகாட்டி சொன்ன விதத்தில் பெருமையும் இருந்தது, சற்றுத் தற்காப்பும் இருந்தது. ஏனென்றால் ரக்பியும் சாக்கரும் திறமையான பையன்களுக்குச் சம்பளம் தரக்கூடிய விளையாட்டுகள். ஒரே கிராமத்தின் ஒரே பதினாறு வயதுப் பையனுக்காக மூன்று விளையாட்டுகள் போட்டியிடும் நாட்டில், ஊதியம் தர முடியாத விளையாட்டு தன் மைதானத்தை ஊதியம் தரும் விளையாட்டுக்குக் காட்சிக்கூடமாக ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை அற்பமானது என்று தள்ளிவிட முடியாது.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும்போது அதன் அளவு முதலில் அதிர்ச்சி தருகிறது. ஏறத்தாழ 145 மீட்டர் நீளமும் 90 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட புல்வெளி. சாக்கர் ஆடுகளம் இதற்குள் அடங்கி, சுற்றிலும் தாராளமாக இடம் மிஞ்சும். இரண்டு முனைகளிலும் உள்ள கோல் கம்பங்களைப் பார்த்தால், ஒன்றுக்கொன்று போட்டி என்று சொல்லப்படும் இந்த விளையாட்டுகள் எவ்வளவு நெருங்கிய உறவினர்கள் என்பது புரியும்: மேலே ரக்பியைப் போன்ற உயர்ந்த கம்பங்கள், கீழே சாக்கரைப் போன்ற வலை. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் பொதுவாக ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. புல்லில் கால் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. அப்பா குனிந்து விளிம்பை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

இந்தச் சுற்றுலாவின் மையம் 1920 நவம்பர் 21. அன்று டப்ளினும் டிப்பரரியும் இங்கே கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. அன்று காலையில் ஐரிஷ் விடுதலைப் படையினர் பிரிட்டிஷ் உளவாளிகள் பலரைச் சுட்டுக் கொன்றிருந்தனர். பிற்பகலில் காவல் படையினர் மைதானத்துக்குள் நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோன அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தனர். அவர்களில் மூவர் சிறுவர்கள். ஒருவர், சில நாட்களில் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த இளம்பெண். ஒருவர், டிப்பரரி அணி வீரர் மைக்கேல் ஹோகன். எதிரே தெரியும் ஹோகன் கேலரி அவர் பெயரைத் தாங்கியது. பிரிட்டிஷ் படை சுட்ட மண்ணில் பிரிட்டிஷ் விளையாட்டுகள் கூடாது என்ற உணர்வு தலைமுறை தலைமுறையாக நின்றதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒரு செய்தியை நான் ஏற்கெனவே படித்திருந்தும், அந்த இடத்தில் நின்றபோதுதான் அது உறைத்தது. அன்றைய ஆட்டம் கோப்பைக்காக நடந்ததன்று; சிறையிலிருந்த குடியரசுப் போராளிகளின் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதற்காக நடந்தது. இந்த மைதானத்தைப் புனிதமாக்கிய நாளே ஓர் உதவி ஆட்டத்தின் நாள். தர்ம காரியத்துக்குக் கதவு திறக்கலாமா என்று இங்கே கேட்பது, இந்த மண்ணுக்கு அந்நியமான கேள்வியே அல்ல.

தடையின் வரலாற்றை வழிகாட்டியிடம் தனியாகக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். சாக்கர், ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகியவற்றை ஆடினாலோ பார்க்கப் போனாலோ சங்க உறுப்பினரை நீக்கும் விதி 1971 வரை இருந்தது. அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், ஐரிஷ் மொழிக்காகவே வாழ்நாளைச் செலவழித்தவர், சங்கத்தின் புரவலர். அவர் 1938-இல் பதவியின் கடமையாக ஒரு சாக்கர் ஆட்டத்துக்குப் போனார் என்பதற்காகப் புரவலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். மொழிக்காக உழைத்தவரையே வெளியே தள்ளும் மொழிப்பற்று எங்கும் உண்டு போலும். இன்னொரு பக்கம், அமெரிக்கக் கால்பந்து இந்தப் பட்டியலில் இல்லை. 1953-இல் அமெரிக்க விமானப் படையின் இரண்டு அணிகள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி சேர்க்க இங்கேயே ஆடின. 1972-இல் முகமது அலி இங்கே குத்துச்சண்டையிட்டார். ஆகவே, தடுக்கப்பட்டது பிறநாட்டு விளையாட்டு அன்று. பக்கத்து வீட்டு விளையாட்டு.

அந்த விளையாட்டுகளைச் சங்கத்தின் மைதானங்களில் ஆடக் கூடாது என்ற விதி மட்டும் 1971-க்குப் பிறகும் நீடித்தது. 2005 ஏப்ரலில் சங்கத்தின் ஆண்டு மாநாடு 227-க்கு 97 என்ற வாக்கில் அதைத் தளர்த்தியது. நகரின் மறுகோடியிலிருந்த லான்ஸ்டவுன் ரோடு அரங்கம் இடித்துக் கட்டப்பட்ட காலத்துக்கு மட்டும் ரக்பியும் சாக்கரும் குரோக் பார்க்கில் ஆடலாம் என்றார்கள். 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி இங்கே வந்தது. பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலித்தபோது அரங்கமே மரியாதையாக நின்றது. அதன்பின் அயர்லாந்து 43-13 என்று வென்றது. கெரி கவுண்டியின் பழைய வீரர் ஒருவருடைய மகன் மட்டும், அந்தக் கீதம் இங்கே ஒலிக்கக் கூடாது என்று, அருங்காட்சியகத்தில் வைத்திருந்த தன் தந்தையின் பதக்கங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் செய்தது சரியா என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடிப் பெட்டிகளில் மற்றவர்களின் பதக்கங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, அந்தக் குடும்பத்தின் நினைவு வந்துகொண்டே இருந்தது.

இனி, நான் தூக்கிப்போன வழக்கு. லியம் மில்லர் கார்க் நகரத்தவர். செல்டிக், மான்செஸ்டர் யுனைடெட், அயர்லாந்து அணிகளுக்குச் சாக்கர் ஆடியவர். சிறுவயதில் கேலிக் விளையாட்டும் ஆடியவர். 2018 பிப்ரவரியில் 36 வயதில் புற்றுநோயால் இறந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தனர். அவர் குடும்பத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நிதி திரட்ட ஓர் ஆட்டம் ஏற்பாடானது. கார்க்கின் சாக்கர் மைதானம் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குத்தான் போதும். சீட்டுகள் உடனே தீர்ந்தன. அதே நகரத்தில், முந்திய ஆண்டுதான் புதுப்பித்துத் திறக்கப்பட்ட, 45,000 பேர் கொள்ளும் பார்க் ஈ க்வீவ் அரங்கம் ஜி.ஏ.ஏ.வுக்குச் சொந்தமாக நின்றது. அதைக் கட்ட அரசு மூன்று கோடி யூரோ கொடுத்திருந்தது. சங்கத்தின் முதல் பதில்: விதி இடம் தராது, விதியை ஆண்டு மாநாடுதான் மாற்ற முடியும். வந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. ஜூலை இறுதியில் மத்தியக் குழு கூடி அனுமதித்தது. செப்டம்பர் 25 அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது.

இதில் என்னை உறுத்துவது மறுப்பு அன்று. 2023 ரக்பி உலகக் கோப்பையை அயர்லாந்துக்குக் கொண்டுவரும் முயற்சிக்காக, 2013-ஆம் ஆண்டு மாநாட்டிலேயே தன் அரங்குகளைத் தர இதே சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் பார்க் ஈ க்வீவும் இருந்தது. வாடகையும் புகழும் வரும் என்றால் ஐந்தாண்டுகளுக்கு முன்பே விதியைத் தளர்த்தலாம். இறந்தவரின் குழந்தைகளுக்காக ஒரே ஒரு மாலை கேட்டால் மட்டும் மாநாடு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வரலாற்றுக் காயத்துக்காக மூடிய கதவு என்றால் நான் தலை வணங்குவேன். விலைக்குத் திறந்து, வேண்டுகோளுக்கு மூடும் கதவைக் காயத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. பொதுப்பணம் கலந்த அரங்கமாக இருந்தால் அது இன்னும் கடினம்.

சங்கத்தின் பக்கமும் ஒரு வலுவான வாதம் உண்டு. இந்த மைதானங்கள் அரசு கட்டித் தந்தவை மட்டும் அல்ல. கிராமத்துக் கிளைகளில் சீட்டு விற்று, வேலிக்குச் சாயம் பூசி, ஞாயிறுதோறும் சம்பளமின்றி நடுவராக நின்றவர்களின் உழைப்பில் எழுந்தவை. ஒவ்வோர் உருக்கமான வேண்டுகோளுக்கும் பத்திரிகைகளின் அழுத்தத்தில் விதியை வளைத்தால், வளைக்க மறுக்கும் அடுத்த முறை கொடுமைக்காரர்களாகத் தெரிவார்கள். ஆகவேதான் விதியே தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன்: தொண்டு நோக்கம், இலாபம் யாருக்கும் இல்லை என்ற கணக்கு, தங்கள் ஆட்டங்களுக்கு இடையூறின்மை ஆகியவை இருந்தால் உள்ளூர் நிர்வாகமே முடிவு செய்யலாம் என்று எழுதிவைத்தால், துக்க வீட்டார் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. இதை அப்பாவிடம் விளக்கியபோது, "கோயில் திடல்ல பந்தல் போட யாரைக் கேக்கணும்னு ஊர்ல வர்ற சண்டைதானேப்பா இது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குப் பல ஆண்டு பிடித்தது.

கதவு அதன்பின் மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில், கொரோனாக் காலத்தில், இந்தப் புல்வெளியில் முஸ்லிம்கள் இடைவெளி விட்டு அமர்ந்து பக்ரீத் தொழுகை நடத்தினார்கள். 2022 நவம்பரில் பார்க் ஈ க்வீவில் மன்ஸ்டர் ரக்பி அணி தென்னாப்பிரிக்காவின் 'ஏ' அணியோடு ஆடியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். கேலிக் விளையாட்டு இதனாலெல்லாம் நலிந்துவிடவில்லை. அனைத்து அயர்லாந்து இறுதி ஆட்டங்களுக்கு இன்றும் இந்த அரங்கம் நிரம்பிவிடுகிறது.

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சுருக்கமாக: அனைத்து அயர்லாந்து ஹர்லிங் வெற்றியாளருக்கான லியம் மெக்கார்த்தி கோப்பை, கேலிக் கால்பந்துக்கான சாம் மகுவயர் கோப்பை ஆகியவற்றின் மூலப் பிரதிகள் இங்கே இருக்கின்றன, இப்போது வெற்றியாளர்கள் தூக்குபவை அவற்றின் நகல்கள். மேல்தளத்தில் ஹர்லிங் மட்டையைப் பிடித்து நாமே அடித்துப் பார்க்கலாம். ஆஷ் மரத்தில் செய்த அந்த மட்டை, ஹாக்கி மட்டையைவிடக் குட்டையாகவும் முனை அகன்றும் இருக்கிறது. பந்தைத் தரையிலிருந்து மட்டையின் முனையால் அள்ளி எடுப்பது, பார்ப்பதற்கு எளிது, கைக்கு வராது. அறுபத்தெட்டு வயது அப்பா நான்காம் முயற்சியில் அள்ளிவிட்டார்.

குழந்தைகளோடு செல்பவர்கள் இந்தப் பகுதிக்கென்றே அரை மணி ஒதுக்குவது நல்லது. உச்சி இருக்கைகளில் கோடையிலும் காற்று குளிர்ந்து வீசும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். கூரையின் மேலே, 17 மாடி உயரத்தில், நடந்து செல்லும் தனிச் சுற்றுலா ஒன்றும் உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கலாம். போட்டி நடக்கும் நாட்களில் அரங்கச் சுற்றுலா கிடையாது. ஆகவே கோடையில் ஞாயிற்றுக்கிழமை செல்ல நினைப்பவர்கள் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அட்டவணையில் ஆட்டம் இருந்தால், சுற்றுலாவை விட்டுவிட்டு ஆட்டத்துக்கே சீட்டு வாங்குங்கள்.