ஹாக் மவுண்டன் வாலண்டியர் வேலை: தாராளமா சேரலாம்

பென்சில்வேனியா பக்கம் இருக்கீங்களா, பருந்து கழுகுன்னா உசுரா, அப்போ அங்க இருக்குற ஹாக் மவுண்டன்ங்கற பறவை சரணாலயத்துல, வலசை போற பருந்துங்கள எண்ணுற வாலண்டியரா சேருங்க. ஒரு காலத்துல இங்க பருந்துங்கள சுட்டுத் தள்ளிட்டு இருந்தாங்க, 1934ல ரோசலி எட்ஜ்னு ஒரு அம்மா மலையவே குத்தகைக்கு எடுத்து அத நிறுத்தினாங்க, பெரிய விஷயம்ங்க அது!

செப்டம்பர் நடுவுல நார்த் லுக்அவுட்னு சொல்ற மலை மேல இருக்குற பாறைல உக்காந்தா, அகலச் சிறகுப் பருந்துங்க கூட்டமா வெப்பக் காத்துல சுத்திச் சுத்தி மேல ஏறும், உச்சிக்குப் போனதும் ஒண்ணு பின்னால ஒண்ணா தெக்க வழுக்கிட்டுப் போகும், அப்பதான் எண்ணணும், சுத்துறப்போ எண்ணினா கணக்கு தப்பிடும். பைனாகுலர் புடிக்கவே தெரியாதவங்களுக்கும் பொறுமையா சொல்லித் தர்றாங்க.

வெறும் பாறைதான், குஷன் கண்டிப்பா எடுத்துக்கோங்க. நவம்பர்ல குளிர் பின்னி எடுக்கும், ஆனா பொன்னாங்கழுகு பாக்கணும்னா அப்பதான் போகணும்.