தோள் திரும்பத் திரும்பக் கழன்றால்: கட்டா, பயிற்சியா, ஆபரேஷனா?

காட்பாடி, குடியாத்தம் பக்கம் கபடி ஆடும் பையன்களுக்குத் தோள் கழல்வது புதிதல்ல. யாராவது இழுத்துப் போடுவார்கள். வலி அடங்கியதும் மறுபடி களம். எலும்பு இடத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய கேடு.

தோளின் குழி ஆழமற்றது. பானைக்குச் சும்மாடு போல, லேப்ரம் என்ற வளையம் குழியின் விளிம்பைச் சுற்றி நின்று, கை எலும்பின் பந்து போன்ற தலையை உருளாமல் தாங்குகிறது. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகவே கழலும். அப்போது அந்த வளையத்தின் முன்-கீழ்ப் பகுதி எலும்பிலிருந்து பிய்ந்துபோகும். 1923-இல் இதை விவரித்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பேங்கார்ட்டின் பெயராலேயே இந்தக் கிழிசலைச் சொல்கிறார்கள். பிய்ந்தது பல நேரம் பழைய இடத்தில் ஒட்டுவதில்லை. மறுபடி மறுபடி கழலக் கழல மூட்டுறை தளர்கிறது, பந்தின் பின்புறம் பள்ளம் விழுகிறது, குழியின் எலும்பு விளிம்பும் தேய்கிறது. பிறகு தூக்கத்தில் புரண்டாலே கழலும்.

புத்தூர் கட்டு நமக்குப் பக்கம்தான், எலும்பு முறிவுக்குப் பேர்போனது. ஆனால் எந்தக் கட்டும் கையை அசையாமல் வைக்குமே தவிர, பிய்ந்த வளையத்தை எலும்போடு சேர்க்காது. எக்ஸ்ரே இல்லாமல் இழுத்தால் உள்ளே இருக்கும் முறிவு பெரிதாகலாம், நரம்பும் அடிபடலாம்.

பிசியோதெரபி தோளைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வலு தரும். முதல்முறை கழன்ற, விளையாட்டில் இல்லாத நடுவயதினருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். இருபது வயதுக்குட்பட்ட கபடிக்காரருக்கு அதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். அந்த வயதில் மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம்.

அவருக்கு என் தேர்வு, எலும்பு தேயாதிருக்கும்போதே, சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் சாவித்துளை ஆபரேஷன். நூல் கோத்த சின்ன ஆணி போன்ற ஆங்கர்களைக் குழி விளிம்பில் பதித்து வளையத்தை இழுத்துத் தைப்பார்கள். களத்துக்குத் திரும்ப ஆறு மாதம்போல ஆகும். தள்ளிப்போட்டு, குழியில் ஐந்தில் ஒரு பங்கு எலும்பு போய்விட்டால் தையல் மட்டும் நிற்காது. அப்போது லட்டார்ஜே முறை: பக்கத்து எலும்புத் துண்டைத் தசைநாரோடு வெட்டி, குழியின் முன்னால் திருகாணி போட்டுப் பொருத்துவது. பிடிமானம் உறுதி. ஆனால் பெரிய வேலை, நரம்புகள் அருகிலேயே இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் சொல்லும். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் வேலூரில் ஸ்கேன் எட்டாத தூரமில்லை.

நாற்பதைத் தாண்டியவருக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குத் கையைத் தூக்கும் தசைநாரே கிழிந்திருக்கக்கூடும். மூட்டைப் போட்ட பிறகும் கை மேலே எழவில்லை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.